ஜெயிக்கிற ஆளா, நம்ம கொள்கைக்கு நிற்கிற ஆளா?

(ஜொகூர் பாருவில் நடந்த குடும்பச் சந்திப்பில் ஆற்றிய உரையின் எழுத்து வடிவம்)

இரவு வேலை முடித்து, வீட்டுக்குக்கூடப் போகாமல் நேராக இங்கே வந்தவர்கள் சிலர் இருக்கிறீர்கள். உங்கள் கண்ணைப் பார்த்தாலே தெரிகிறது. அதனால் நீட்டாமல் பேச முயல்கிறேன்.

போன சந்திப்பில் ஓர் அக்கா எழுந்து கேட்டார்: "நீங்க சொல்ற ஆள் நல்லவர்தான் தம்பி. ஆனா ஜெயிக்க மாட்டாரே. ஜெயிக்காத ஆளுக்குப் போட்டு என் ஓட்டை ஏன் வீணாக்கணும்?"

அன்றைக்கு நான் கொள்கை, இனமானம், வரலாறு என்று ஏதேதோ சொன்னேன். எல்லாரும் கைதட்டினீர்கள். அக்கா தட்டவில்லை. நான் பார்த்தேன். அவர் கேட்டது நியாயமான கேள்வி, நான் சொன்னது மேடைப் பதில். இன்று அந்தக் கேள்விக்கு ஒழுங்காகப் பதில் சொல்லிப் பார்க்கிறேன். அதற்குப் பாலத்துக்கு அந்தப் பக்கம் நடந்த கதை ஒன்றை எடுத்துக்கொள்கிறேன்.

ஏன் சிங்கப்பூர்க் கதை? உங்களில் பாதிப் பேர் விடியற்காலை 4 மணிக்கு எழுந்து அங்கேதான் வேலைக்குப் போகிறீர்கள். அது ஒரு காரணம். இன்னொரு காரணம், நம் நாட்டில் மாமன்னரை ஆட்சியாளர்கள் மாநாடு தேர்ந்தெடுக்கிறது. நாம் ஓட்டுப் போடுவது தொகுதி ஆளுக்கும் கட்சிக்கும். அங்கே நாட்டின் அதிபரை மக்கள் நேரடியாகத் தேர்ந்தெடுக்கிறார்கள். ஒரே நாற்காலி, ஒரே நாள், ஒரே சுற்று. ஆகவே அக்கா கேட்ட கேள்வி அங்கே எந்தக் கலப்பும் இல்லாமல் வந்து நிற்கிறது.

முதலில் அந்தப் பதவி என்னவென்று சொல்லிவிடுகிறேன். முன்பு சிங்கப்பூர் அதிபரை நாடாளுமன்றம்தான் தேர்ந்தெடுத்தது. 1991ல் அரசமைப்புச் சட்டத்தைத் திருத்தி மக்கள் கையில் கொடுத்தார்கள். அதிபர் ஆட்சி நடத்துபவர் அல்லர், ஆட்சி நடத்துவது பிரதமர். ஆனால் முந்தைய அரசாங்கங்கள் சேர்த்து வைத்த சேமிப்பில் கைவைக்க வேண்டுமென்றால் அதிபர் சம்மதிக்க வேண்டும். முக்கியப் பதவிகளுக்கு ஆள் போடுவதற்கும் அப்படியே. பெட்டகத்துக்கு இரண்டு சாவி, அதில் ஒன்று அதிபரிடம் என்று அங்கே சொல்வார்கள். இரண்டாவது சாவியையும் முதல் சாவிக்காரரின் ஆளிடமே கொடுக்கலாமா என்பதுதான் ஒவ்வொரு தேர்தலிலும் வருகிற சண்டை.

இப்போது 2011க்கு வருவோம். அந்த ஆண்டு மே மாதம் பொதுத்தேர்தல். ஆளும் மக்கள் செயல் கட்சிக்கு 60 விழுக்காடு ஓட்டுதான் கிடைத்தது. அல்ஜுனிட் குழுத்தொகுதி கையைவிட்டுப் போனது. ஆகஸ்டு 27 அதிபர் தேர்தல். நான்கு பேர் நின்றார்கள், நான்கு பேருக்கும் குடும்பப் பெயர் டான். முன்னாள் துணைப் பிரதமர் டோனி டான். ஆளும் கட்சியில் 26 ஆண்டு எம்.பி.யாக இருந்தும், நியமன எம்.பி. திட்டம் வந்தபோது தன் கட்சியை மீறி எதிர்த்து ஓட்டுப் போட்ட டாக்டர் டான் செங் போக். சில மாதங்களுக்கு முன்புதான் எதிர்க்கட்சி வேட்பாளராக நின்றிருந்த டான் ஜீ சே. பிறகு டான் கின் லியான். இவர் என்.டி.யு.சி. இன்கம் காப்புறுதி நிறுவனத்தை நடத்தியவர். 2008ல் லீமன் பிரதர்ஸ் கவிழ்ந்தபோது, முதலீடு செய்து காசைப் பறிகொடுத்த சாதாரண மக்களுக்காக ஹொங் லிம் பூங்காவில் நின்று பேசியவர்.

அந்தச் சமயம் நான் அங்கே கப்பல் பட்டறையில் வேலை பார்த்தேன். எனக்கு ஓட்டு இல்லை, மலேசியன். என்னோடு வேலை செய்த ஒரு நண்பர் சிங்கப்பூர்க் குடிமகன், நம்மவர். அவர் வீட்டில் நடந்ததைச் சொல்கிறேன். பெயர் வேண்டாம்.

அவர் டான் ஜீ சே பக்கம். "இத்தனை வருஷமா ஒரே கட்சி. அந்தக் கட்சியில இருந்து வந்தவனுக்கே சாவியைக் கொடுத்தா அது என்ன சாவி? முழுசா வெளியில இருக்கிறவனுக்குத்தான் போடுவேன்." அவர் மனைவி பள்ளிக்கூடத்துக் கேண்டீனில் வேலை செய்பவர். அந்த அம்மா கேட்டார்: "உங்க ஆள் முதலா வருவாரா?" "வரமாட்டார்." "அப்ப யார் வரக்கூடாதுன்னு நினைக்கிறீங்க?" "டோனி டான்." "அவரைத் தோற்கடிக்கக்கூடிய ஆள் யாரு?" நண்பர் பதில் சொல்லவில்லையாம். "டாக்டர்தானே? அப்ப டாக்டருக்குப் போடுங்க." இவர் கேட்கவில்லை. இரண்டு பேரும் ஒன்றாகப் போனார்கள், தனித்தனியாகப் போட்டார்கள்.

விடியும்வரை முடிவு வரவில்லை. இடைவெளி அவ்வளவு சின்னது, மறுபடியும் எண்ண வேண்டியதாயிற்று. கடைசியில் டோனி டான் 35.20 விழுக்காடு. டான் செங் போக் 34.85. டான் ஜீ சே 25.04. டான் கின் லியானுக்கு 5 விழுக்காடுகூட இல்லை, வைப்புத்தொகையை இழந்தார். முதல் இருவருக்கும் நடுவே 7,382 ஓட்டு.

இதைக் கணக்குப் போட்டுப் பாருங்கள். டான் ஜீ சேவுக்கு விழுந்தது 5 லட்சத்து 30 ஆயிரத்துச் சொச்சம். அதில் 100 பேருக்கு 2 பேர் டாக்டர் பக்கம் சாய்ந்திருந்தால் அதிபர் வேறு. மூன்றில் இரண்டு பங்குப் பேர் வேண்டாம் என்று சொன்ன ஒருவர் சட்டப்படி, முறைப்படி, நேர்மையாக அதிபரானார். அவர்மீது குறை சொல்ல ஒன்றுமில்லை. அது ஓட்டு எண்ணும் முறை.

திங்கட்கிழமை நண்பர் வேலைக்கு வந்தார், வாயே திறக்கவில்லை. சாப்பாட்டு நேரத்தில் ஒரே வார்த்தை சொன்னார்: "அவ மூஞ்சியப் பார்க்க முடியலடா."

அக்கா, இதுவரை கதை உங்கள் பக்கம்தான் இருக்கிறது. ஒப்புக்கொள்கிறேன். ஒரே சுற்றில் முடிகிற தேர்தலில், பிடித்த ஆளுக்குப் போட்டுவிட்டு, பிடிக்காத ஆளை உட்கார வைத்துவிட்டு வரலாம். கொள்கை பேசுகிற நாங்கள் இதை மேடையில் சொல்வதில்லை. கைதட்டு குறையும்.

இலங்கையில் அதிபர் தேர்தலுக்கு வேறு முறை இருக்கிறது. அங்கே 1, 2, 3 என்று விருப்பத்தை வரிசையாகப் போடலாம். 2024ல் தமிழ்ப் பொது வேட்பாளராக நின்ற அரியநேத்திரனுக்கு 2 லட்சத்து 26 ஆயிரத்துக்கு மேல் ஓட்டு விழுந்தது. அவருக்கு 1 போட்ட ஒருவர், தனக்குப் பரவாயில்லை என்று தோன்றிய இன்னொருவருக்கு 2 போட்டிருக்கலாம். மனசுக்கு ஒரு ஓட்டு, கணக்குக்கு ஒரு ஓட்டு. சிங்கப்பூரில் அது இல்லை, நம் நாட்டிலும் இல்லை. நமக்கு இருப்பது ஒரே ஒரு கோடு.

இனி மறுபக்கம். "இவர் ஜெயிக்க மாட்டார்" என்ற வார்த்தை இருக்கிறதே, அது எங்கிருந்து வருகிறது என்று பார்க்க வேண்டும். ஏனென்றால் அந்த வார்த்தை முதலில் யார் தலையில் விழும் தெரியுமா? நம் தலையில்.

1988ல் லீ குவான் இயூ வெளிப்படையாகவே சொன்னார், தனக்குப் பிறகு பிரதமராக எஸ். தனபாலனைப் பற்றி யோசித்ததாகவும், இந்தியர் ஒருவரைப் பிரதமராக ஏற்க நாடு இன்னும் தயாராகவில்லை என்று கருதியதாகவும். தனபாலன் தமிழர், அமைச்சர். அவர் திறமையில் குறை என்று யாரும் சொல்லவில்லை. ஓட்டு விழாது என்றார்கள். அந்த ஓட்டை யாரும் எண்ணிப் பார்க்கவில்லை. எண்ணாமலேயே முடிவு.

31 ஆண்டு கழித்து, 2019 மார்ச் மாதம், நன்யாங் தொழில்நுட்பப் பல்கலைக்கழக மாணவர்களிடம் ஹெங் சுவீ கியட் பேசினார். அப்போது அவர்தான் அடுத்த பிரதமர் என்று எல்லாரும் நினைத்திருந்தார்கள். சீனரல்லாத பிரதமருக்கு மூத்த தலைமுறை தயாராக இல்லை என்றார் அவரும்.

சரி, தயாராக இல்லையா? அவர் பேசுவதற்கு நான்கு ஆண்டு முன்பு, 2015 பொதுத்தேர்தலில், நாடு முழுவதிலும் அதிக விழுக்காடு வாங்கிய குழு ஜூரோங் குழுத்தொகுதி. 79 விழுக்காடு. அந்தக் குழுவுக்குத் தலைமை தாங்கியவர் தர்மன் சண்முகரத்னம். ஜூரோங்கில் ஓட்டுப் போட்டவர்களில் பெரும்பாலோர் சீனர்கள்தான். வயதான சீனர்களும் அதில் உண்டு. கண்ணெதிரே எண்ணிய ஓட்டு இருக்கிறது. அதைப் பார்க்காமல், மக்கள் மனசில் இருப்பதாகத் தாங்கள் நினைக்கிற ஒன்றை எண்ணிக் கொண்டிருந்தார்கள்.

அதிபர் பதவிக்கே வருகிறேன். எஸ்.ஆர். நாதன் 1999 முதல் 2011 வரை 12 ஆண்டு சிங்கப்பூர் அதிபர். நம்ம மூவாரில் சின்ன வயதைக் கழித்தவர். மூவார்க்காரர்களுக்கு இதில் இன்றும் பெருமை உண்டு, இருக்கட்டும். ஆனால் இரண்டு முறையும் அவர் போட்டியின்றி வந்தார். மக்கள் அவருக்கு ஓட்டுப் போடவில்லை, போட வாய்ப்பே இல்லை. ஒரு தமிழருக்கு நாடு ஓட்டுப் போடுமா என்பது 12 ஆண்டு முடிந்தும் யாருக்கும் தெரியாமலே போனது.

2016ல் சட்டத்தை மறுபடியும் திருத்தினார்கள். ஐந்து தவணையாக ஒரு சமூகத்திலிருந்து அதிபர் வரவில்லை என்றால், அடுத்த தேர்தல் அந்தச் சமூகத்துக்கு ஒதுக்கப்படும். காதுக்கு நன்றாக இருக்கிறது அல்லவா? சிறுபான்மை உரிமை பேசுகிற நாங்களே கேட்கக்கூடிய ஒன்று. கூடவே இன்னொரு திருத்தம்: தனியார் துறையிலிருந்து வருபவர் 50 கோடி வெள்ளி பங்குதாரர் மூலதனம் உள்ள நிறுவனத்தை நடத்தியிருக்க வேண்டும். 2017 தேர்தல் மலாய்ச் சமூகத்துக்கு ஒதுக்கப்பட்டது. ஹலிமா யாக்கோப் மனுச் செய்தார், இன்னும் இரண்டு வணிகர்கள் மனுச் செய்தார்கள். அந்த இருவரின் நிறுவனங்களும் 50 கோடிக் கணக்குக்கு எட்டவில்லை, தகுதிச் சான்றிதழ் கிடைக்கவில்லை. ஹலிமா போட்டியின்றி அதிபர்.

ஹலிமா யாக்கோப் பாட்டாளிக் குடும்பத்துப் பிள்ளை. தந்தை இந்திய முஸ்லிம், இவருக்கு எட்டு வயதிலேயே இறந்துவிட்டார். அம்மா தள்ளுவண்டியில் நாசி பாடாங் விற்று வளர்த்தார். தொழிற்சங்கத்தில் பல காலம் உழைத்தவர். ஓட்டுப் போட விட்டிருந்தால் அவரே ஜெயித்திருக்கலாம் என்பது என் எண்ணம். அந்தப் பெருமையை அவருக்கும் கொடுக்கவில்லை, மலாய்ச் சமூகத்துக்கும் கொடுக்கவில்லை. நாற்காலியைக் கொடுத்துவிட்டு ஓட்டை எடுத்துக்கொண்டார்கள். நாளைக்கு நமக்கும் இங்கே யாராவது "உங்களுக்கென்று ஓர் இடம் ஒதுக்குகிறோம்" என்று வந்தால், அதில் உட்காரப் போகிறவரைத் தேர்ந்தெடுப்பது யார் என்று முதலில் கேளுங்கள்.

பிறகு 2023 செப்டம்பர் 1. ஒதுக்கீடு இல்லாத தேர்தல், மூன்று பேர் போட்டி. இருவர் சீனர். தர்மன் சண்முகரத்னம் அன்னாசிப்பழச் சின்னத்தில் நின்றார். 70.41 விழுக்காடு. இங் கொக் சொங்குக்கு 15.72, டான் கின் லியானுக்கு 13 விழுக்காட்டுக்கு மேல். முதல்முறையாகப் போட்டியில் நின்று ஜெயித்த சீனரல்லாத அதிபர். "நாடு தயாராக இல்லை" என்ற 35 ஆண்டுப் பேச்சு அன்று ஒரே இரவில் பொய்யானது.

இங்கேயும் பட்டாசு வெடித்தீர்கள், எனக்குத் தெரியும். வாட்ஸ்அப்பில் வந்த அன்னாசிப் படங்களை அழிக்கவே எனக்கு இரண்டு நாள் ஆனது.

ஆனால் ஒன்றைச் சொல்ல வேண்டும், கோபிக்காதீர்கள். அதே தேர்தலில் டான் செங் போக்கும் டான் ஜீ சேவும், 2011ல் ஒருவரை ஒருவர் எதிர்த்து நின்றவர்கள், இரண்டு பேரும் டான் கின் லியானை ஆதரித்தார்கள். காரணம் கொள்கை. தர்மன் ஜூலை மாதம்தான் ஆளும் கட்சியிலிருந்தும் அமைச்சரவையிலிருந்தும் விலகினார். இரண்டாவது சாவி சுயேச்சையான ஆளிடம் இருக்க வேண்டும் என்பது அவர்கள் வாதம். அந்த வாதம் தப்பு என்று நான் சொல்ல மாட்டேன். அப்படியானால் ஒரு சிங்கப்பூர்த் தமிழ்க் குடும்பம் என்ன செய்திருக்க வேண்டும்? நம்மவர் என்று போடுவதா, சுயேச்சை என்ற கொள்கைக்குப் போடுவதா? என் நண்பர், அதே நண்பர், தர்மனுக்குத்தான் போட்டார். 2011ல் கட்சிக்காரன் வேண்டவே வேண்டாம் என்று நின்ற மனுஷன். கேட்டால் சிரிக்கிறார். "ஒரு தடவை அந்தக் கணக்கை எண்ணிப் பார்த்துடணும்னு தோணுச்சு" என்றார். எனக்குப் புரிந்தது. உங்களுக்கும் புரியும்.

கட்சி ஆள் என்றால் சாவியை ஒழுங்காகப் பிடிக்க மாட்டார் என்றும் சொல்லிவிட முடியாது. 1993ல் நடந்த முதல் தேர்தலில் ஓங் டெங் சியோங் ஜெயித்தார், 58 விழுக்காட்டுக்கு மேல். அவரும் முன்னாள் துணைப் பிரதமர், தொழிற்சங்கத் தலைவர். எதிர்த்து நின்ற சுவா கிம் இயோ பிரசாரமே பெரிதாகச் செய்யவில்லை, அவருக்கே 41 விழுக்காடு விழுந்தது. அதே 1993ல் பாட்டாளிக் கட்சியின் ஜெ.பி. ஜெயரத்தினமும் மனுச் செய்தார். தகுதிச் சான்றிதழ் தர மறுத்துவிட்டார்கள். ஆகவே கொள்கைக்காரர் வாசலோடு சரி, கட்சி ஆள் உள்ளே போனார். போனவர் என்ன செய்தார்? நாட்டின் சேமிப்புச் சொத்துகளுக்கு முழுப் பட்டியல் கேட்டார். அதைத் தயாரிக்க 56 ஆள்-ஆண்டு உழைப்பு வேண்டும் என்று பதில் வந்தது. விடாமல் கேட்டார், அரசாங்கத்தோடு மனக்கசப்பு, 1999ல் பத்திரிகையாளர்களைக் கூட்டி அதை வெளியே சொன்னார். யாரும் எதிர்பார்க்காத இடத்தில் கொள்கை இருந்தது. இதைத் தெரிந்துகொள்ள ஒரு வழி இருந்திருக்கிறது, பின்னோக்கிப் பார்த்தால். 1986ல் அமைச்சராகவும் தொழிற்சங்கத் தலைவராகவும் இருந்தபோது, அமைச்சரவையிடம் சொல்லாமலேயே கப்பல் தொழிலாளர் வேலைநிறுத்தம் ஒன்றுக்கு அனுமதி கொடுத்தவர் அவர். மேடைப் பேச்சைக் கேட்டு ஆளை எடை போடாதீர்கள். நெருக்கடி வந்த நாளில் என்ன செய்தார் என்று விசாரியுங்கள்.

ஜெயரத்தினம் என்றேன். அவர் கதையைச் சொல்லாமல் இந்தப் பேச்சு முடியாது.

அவர் யாழ்ப்பாணத் தமிழ் வம்சம், வழக்கறிஞர். 1972ல் நின்றார், தோல்வி. 1976, தோல்வி. 1977 இடைத்தேர்தல், தோல்வி. 1979 இடைத்தேர்தல், தோல்வி. 1980, தோல்வி. ஐந்து தேர்தல், ஐந்து தோல்வி. நம் வீட்டில் ஒரு பிள்ளை இப்படி ஐந்து முறை தோற்றால் என்ன சொல்வோம்? "போதும்டா, வேற வேலையப் பாரு" என்போம். 1981ல் ஆன்சன் தொகுதி எம்.பி. தேவன் நாயர் அதிபரானார். மலாக்காவில் பிறந்தவர் அவர். தொகுதி காலியானது. இடைத்தேர்தலில் ஜெயரத்தினம் ஆறாவது முறையாக நின்றார். நாடாளுமன்றத்தில் பத்து ஆண்டுக்கும் மேலாக ஓர் எதிர்க்கட்சி உறுப்பினர்கூடக் கிடையாது. அந்த நேரத்தில் பிளேர் பிளேனில் இருந்த துறைமுகத் தொழிலாளர் குடியிருப்புகளைக் காலி செய்யச் சொல்லியிருந்தார்கள். போக்கிடம் தெரியாத குடும்பங்கள் கொதித்துப் போயிருந்தன. அக்டோபர் 31, ஓட்டு எண்ணினார்கள். 653 ஓட்டு வித்தியாசத்தில் ஜெயரத்தினம் ஜெயித்தார்.

ஐந்தாவது தோல்விக்குப் பிறகு "இவர் ஜெயிக்கிற ஆள் இல்லை" என்று வேறொருவரைத் தேடியிருந்தால்? அந்தக் குடும்பங்களின் கோபம் வந்து உட்கார ஓர் இடம் இருந்திருக்காது. முதல் ஐந்து தேர்தலில் அவருக்கு விழுந்த ஓட்டு வீண் ஓட்டா என்று அக்காவைக் கேட்கிறேன். எனக்கு அது முன்பணம் மாதிரித் தோன்றுகிறது.

பாலத்துக்கு இந்தப் பக்கம் திரும்புவோம். 2007 நவம்பர் 25ல் கோலாலம்பூர்ச் சாலைகளில் நின்றவர்கள் இங்கே இருக்கிறீர்கள். கண்ணீர்ப்புகைக்குத் தண்ணீரும் உப்பும் கொடுத்த அம்மா ஒருவரும் முன்வரிசையில் இருக்கிறார். டிசம்பரில் ஐந்து பேரை இசா சட்டத்தில் காமுந்திங்கில் அடைத்தார்கள். அவர்களில் ஒருவர் எம். மனோகரன். 2008 மார்ச் 8ல் கோத்தா ஆலம் ஷா சட்டமன்றத் தொகுதியில் தடுப்புக்காவலில் இருந்தபடியே ஜெயித்தார். ஒரு வீட்டுக் கதவைக்கூடத் தட்ட முடியாத வேட்பாளர். ஜெயிக்கிற ஆள் யார் என்று கணக்குப் போடுகிற பெரியவர்கள் யாராவது அவரை எழுதியிருப்பார்களா?

அதே நாள் சுங்கை சிப்புட்டில் டாக்டர் ஜெயக்குமார். 1999ல் தோற்றவர், 2004ல் தோற்றவர், 2008ல் சாமிவேலுவை வீழ்த்தினார். 1974 முதல் அசைக்க முடியாமல் இருந்த தொகுதி அது. ஆனால் ஜெயக்குமார் ஜெயித்தது இன்னொரு கட்சியின் சின்னத்தில். 2013லும் அப்படியே ஜெயித்தார். 2018ல் அவர் கட்சி தன் சொந்தச் சின்னத்தில் நிற்பது என்று முடிவெடுத்தது. பத்து ஆண்டு போராடிப் பதிவு வாங்கிய கட்சி, சொந்தச் சின்னத்தில் நிற்க ஆசைப்பட்டது. நாடு முழுவதும் ஆட்சி மாறியது, சுங்கை சிப்புட்டில் பி.கே.ஆர். ஜெயித்தது, பத்து ஆண்டு எம்.பி.யாக உழைத்த டாக்டருக்கு வைப்புத்தொகையும் போனது.

இதில் எனக்கு இன்னும் தெளிவில்லை, மறைக்க விரும்பவில்லை. என்னைக் கேட்டிருந்தால் "சின்னத்தை இன்னொரு தடவை கடன் வாங்குங்கள் டாக்டர், நாடாளுமன்றத்தில் தோட்டத் தொழிலாளிக்காகப் பேச உங்களை விட்டால் ஆள் இல்லை" என்றுதான் சொல்லியிருப்பேன். சுங்கை சிப்புட்டில் எனக்குத் தெரிந்த ஒரு பெரியவர் வேறு மாதிரி சொல்கிறார்: "கடன் வாங்கின சட்டையில எத்தனை நாள்தான் கல்யாணத்துக்குப் போறது?" இரண்டும் சரியாகவே படுகிறது.

2013 பற்றி விரிவாகப் பேச நேரமில்லை, பேசினால் இங்கேயே இரண்டு கட்சியாகிவிடும். சுருக்கமாக: ஏப்ரல் 18ல் வேதமூர்த்தி நஜிப்போடு ஒப்பந்தம் கையெழுத்திட்டார், துணையமைச்சரானார். 2014 பிப்ரவரியில் வாக்குறுதி நிறைவேறவில்லை என்று பதவி விலகினார். உதயகுமார் அந்த வழியை ஏற்காமல் சுயேச்சையாக நின்றார், தோற்றார். ஜெயிக்கிற பக்கம் போனவரும் வெறுங்கையோடு வந்தார், தனியாக நின்றவரும் வெறுங்கையோடு வந்தார். எழுதி வாங்கியும் ஏமாந்தோம். ஏன்? எழுதிக் கொடுத்ததை நிறைவேற்றாவிட்டால் அடுத்த நாள் காலை அவர்களுக்கு என்ன நஷ்டம் என்பதை நாம் முன்கூட்டியே ஏற்பாடு செய்யவில்லை. நம்மை நாடி வந்தது நம் ஓட்டுக்காக. தேர்தல் முடிந்த மறுநாள் அந்த ஓட்டு நம் கையில் இல்லை.

இப்போது அக்காவுக்குப் பதில். ஓட்டுப் போடுகிற நாள் வேறு, ஆளைத் தேர்ந்தெடுக்கிற நாள் வேறு. நாம் இரண்டையும் குழப்பிக்கொள்கிறோம். வேட்புமனு நாளுக்கு முன்னால், யாரை நிறுத்தலாம் என்று பேசும்போது, "இவர் ஜெயிக்க மாட்டார்" என்று யாராவது சொன்னால் ஏற்காதீர்கள். எந்த ஓட்டை எண்ணிச் சொல்கிறாய் என்று கேளுங்கள். ஐந்து முறை தோற்றவரும், சிறையில் இருந்தவரும் ஜெயித்ததைச் சொல்லுங்கள். அந்த நேரத்தில் வெற்றி இன்னும் தீர்மானமாகவில்லை. அதைத் தீர்மானிக்கிற வேலையில் உங்கள் கால்களுக்கும் கைப்பேசிக்கும் பங்கு உண்டு. அப்போது கொள்கைக்காரரையே கேளுங்கள், அவருக்காகச் சத்தம் போடுங்கள், ஒரே கொள்கைக்கு இரண்டு பேர் நிற்க வந்தால் அவர்களை ஒரே அறையில் உட்கார வைத்து ஒருவர் விலகும்வரை கோப்பி கொடுத்துக்கொண்டே இருங்கள். 2011ல் சிங்கப்பூரில் அதைச் செய்ய ஆள் இல்லாமல் போனது.

வேட்புமனு முடிந்து சீட்டு அச்சாகிவிட்டால், அதன் பிறகு அந்தக் கேண்டீன் அம்மா கேட்ட கேள்விதான்: யார் வரக்கூடாது, அவரைத் தடுக்கக்கூடியவர் யார்? அப்போது கணக்குப் போடுவதில் வெட்கமில்லை. ஒன்றே ஒன்று: முதல் இருவருக்கும் நடுவே உங்கள் பிள்ளையின் வாழ்க்கையில் ஒரு வித்தியாசமும் வராது என்று நீங்கள் நிச்சயமாக நினைத்தால், அன்று மனசுக்குப் பிடித்தவருக்கே போடுங்கள். அது முன்பணம்.

நம் பேர் நூற்றுக்கு ஏழு. தனியாக நின்று எந்த நாற்காலியையும் நாம் எண்ணிக்கையால் பிடிக்க முடியாது. அதனால் நம்மிடம் வரும் வேட்பாளர் யாராக இருந்தாலும், நம் இனமோ வேறு இனமோ, ஒரே கேள்வித்தாள்தான். குடியுரிமைப் பத்திரம் இல்லாத பிள்ளைக்கு என்ன செய்வாய், தமிழ்ப்பள்ளி நிலத்துக்கு என்ன செய்வாய், எந்தத் தேதிக்குள் செய்வாய், செய்யாவிட்டால் எங்களிடம் எந்த நாளில் வந்து கணக்குச் சொல்வாய். பதிலை வாங்கி, சுவரில் ஒட்டுவோம். இந்த மண்டபத்துச் சுவரில்தான்.

அந்தக் கேள்வித்தாளின் முதல் வரைவைத் தம்பி ஒருவர் அச்சடித்து வந்திருக்கிறார், பின்வரிசையிலிருந்து கொடுத்துக்கொண்டு வருகிறார். தமிழில் இருக்கிறது, மலாயில் இருக்கிறது. பேனா இருப்பவர்கள் பக்கத்தில் இருப்பவருக்கும் கொடுங்கள். விட்டுப்போனதை எழுதிச் சேருங்கள். அக்கா, நீங்கள் முதலில் படித்துச் சொல்லுங்கள்.